வகுப்பு மீன் தொட்டியில என்ன கோளாறு? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல மீன் கடை வச்சிருக்கேன். சுத்துவட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி டீச்சருங்க வாட்சாப்ல அனுப்புறது அநேகமா ஒரே மெசேஜ்தான், கலங்கலா ஒரு போட்டோ, கீழ “அண்ணே இது என்ன நோய், என்ன மருந்து ஊத்தணும்?” நோயா இருந்தா சொல்லிடலாம், பெரும்பாலும் நோயே கிடையாது, ஒன்னு தண்ணி, இல்லன்னா சுவிட்சு, இல்லன்னா ஆளாளுக்கு அள்ளிப் போட்ட தீனி. கண்ணுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. காசு செலவில்லாத காரணத்த மொதல்ல போட்டிருக்கேன், செலவு வைக்கிறது கடைசில.

நான் சொல்ற அளவெல்லாம் 2 அடி தொட்டி, ஏறக்கொறைய 50 லிட்டர் தண்ணி, உள்ள பத்து கப்பியோ பிளாட்டியோ, ஒரு ஏர் பம்ப்பு, ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், இதுக்குத்தான். கோல்ட் பிஷ்ஷு வச்சிருந்தா மொதல்ல அத வேற பெரிய தொட்டிக்கு மாத்துங்க, அது திங்கிறதுக்கும் கழியிறதுக்கும் இந்த 50 லிட்டர் பத்தாது.

எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல தீனிய நிறுத்துங்க. ரெண்டு நாள் சாப்பிடலன்னா வளந்த கப்பி ஒன்னும் ஆகாது. அப்பறம் கடைசியா தொட்டியில கை வச்சது யாருன்னு பசங்ககிட்ட கேளுங்க, ஆனா திட்டாம கேளுங்க, திட்டுனா ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான்.

திங்கக்கெழம காலைல வந்து பாத்தா மீன் செத்து மிதக்குது

— வெள்ளிக்கெழம வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னா

சுவிட்ச சந்தேகப்படுங்க. வெள்ளிக்கெழம மத்தியானம் கடைசியா வெளிய போற பையன் லைட்டு, காத்தாடி, எல்லா சுவிட்சையும் அடைச்சிட்டுப் போவான், நாமதான் அப்பிடிப் பழக்கி வச்சிருக்கோம். அவன் விட்டாலும் சாய்ங்காலம் ஜாகா (காவலாளி) வந்து அந்த பிளாக்கு மெயின அடைச்சிடுவாரு. திங்கக்கெழம காலைல டீச்சர் வர்றதுக்குள்ள யாரோ தெறந்து விட்டுடுறாங்க, பம்ப்பு ஜோரா ஓடுது, அதனால கரண்டு மேல யாருக்கும் சந்தேகமே வராது.

இதக் கண்டுபுடிக்க ஒரு சுலபமான வழி, கரண்டு போனா 12:00ன்னு மின்னிக்கிட்டே இருக்குமே அந்தப் பழைய டிஜிட்டல் கடிகாரம், பேட்டரி போடாம அத தொட்டி பிளக்கு பக்கத்துலயே சொருகி வெள்ளிக்கெழம சரியான நேரம் வச்சிட்டுப் போங்க. திங்கக்கெழம மின்னுச்சுன்னா கரண்டு போயிருக்கு. நேரம் சரியா இருந்தா இந்தக் காரணம் இல்ல, அடுத்ததுக்குப் போங்க.

கரண்டுதான்னு தெரிஞ்சா சுவிட்சு மேல டேப்பு ஒட்டி “அடைக்காதீங்க”ன்னு தமிழ்லயும் “ஜாங்கான் தூத்துப்”னு மலாய்லயும் எழுதுங்க, ஜாகாகிட்ட நேர்லயும் ஒரு வார்த்த சொல்லுங்க. மெயினயே அடைக்கிற பிளாக்குன்னா எழுதி ஒட்டி பிரயோஜனம் இல்ல, தொட்டிய ஆசிரியர் அறைக்கு மாத்துங்க, அங்க ஐஸ்பெட்டி இருக்கிறதால அந்த லைன யாரும் தொட மாட்டாங்க. மாத்த எடம் இல்லன்னா கரண்டு போனதும் தானா ஓடுற பேட்டரி பம்ப்பு வாங்கலாம். ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சிக்கங்க, ரெண்டு நாள் நின்னு போன ஃபில்டர அப்பிடியே தெறந்து விடாதீங்க, உள்ள அழுகி நாறுன தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள வந்துரும். ஸ்பாஞ்ச வெளிய எடுத்து ஒரு வாளி தொட்டித் தண்ணியில நல்லா பிழிஞ்சிட்டு அப்பறம் மாட்டுங்க.

— பம்ப்பு நிக்கல, ஆனாலும் செத்திருக்குன்னா

அடியில பாருங்க. கல்லு மேல வெள்ளையா, பஞ்சு படிஞ்சாப்ல தீனி கெடந்தா கத முடிஞ்சிச்சு. ரெண்டு நாள் லீவாச்சே, மீனு பசிச்சிருக்குமேன்னு பாவப்பட்டு முப்பது பிள்ளைங்க ஆளுக்கு ஒரு சிட்டிக போட்டிருக்கும். வாத்தியாருங்களும் இதுல சளைச்சவங்க இல்ல. ஃபார்மசில ஏழு நாள் மாத்திர போட்டு வைக்கிற டப்பா விப்பாங்க, அதுல நாளுக்கு ஒரு சிட்டிகன்னு போட்டு வச்சிட்டு பெரிய டின்ன அலமாரில பூட்டுங்க. இன்னிக்குக் கட்டம் காலியா இருந்தா தீனி போட்டாச்சு, அவ்வளவுதான். சனி ஞாயிறு கட்டம் எப்பவும் காலியாவே இருக்கட்டும்.

— மீனு கொறையுது, ஆனா பொணத்தக் காணோம்

மூடி இல்லாத தொட்டி. குதிச்சி அலமாரிக்குப் பின்னால விழுந்து எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும், இல்ல மத்த மீனே தின்னிருக்கும். தோட்டத்துப் பள்ளில பூன சங்கதியும் இருக்கு. கம்பி வலையோ அக்ரிலிக் தகடோ மேல போட்டா சரியாயிடும்.

புகை அடிச்ச மறுநாள் ஒன்னு விடாம செத்திருக்கு

டெங்கிக்குப் புகை அடிக்கிற பள்ளிக்கூடத்துல இது எனக்கு வழக்கமா வர்ற கொம்ப்ளேன். செத்தது மீனு மட்டும் இல்லாம கூட இருந்த எறாலும் செத்து, சாகாம இருக்கிறது சுத்திச் சுத்தி வருது இல்ல பக்கவாட்டுல சாஞ்சிக் கெடக்குதுன்னா வேற காரணம் தேட வேணாம். புகையில கலக்குற பைரித்ராய்டு வகை மருந்து நமக்குப் பெருசா ஒன்னும் பண்ணாது, மீனுக்கு ரொம்ப கொஞ்சமே போதும். அதுவும் ஏர் பம்ப்பு ஓடிக்கிட்டிருந்தா வெளிய இருக்கிற புகைய அதுவே உறிஞ்சி நேரா தண்ணிக்குள்ள விடுது, அதனால பம்ப்பு இல்லாத தொட்டியில உசுரு பொழச்சி பம்ப்பு இருக்கிற தொட்டியில மொத்தமா போயிருக்கும். பாத்தா தலைகீழா தெரியும், ஆனா அதான் நடக்குது.

புகை அடிக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா: ஜன்னல் கதவு சாத்துங்க, பம்ப்ப அடைங்க, தொட்டிய பெரிய பிளாஸ்டிக்கால மூடி ஓரத்துல டேப்பு போடுங்க, மீனு அதிகம் இல்லன்னா ஒன்னு ரெண்டு மணி நேரம் தாங்கும். புகை போனதும் ஜன்னலத் தெறந்து நல்லா காத்தாட விட்டுட்டு அப்பறமா மூடிய எடுத்து பம்ப்ப போடுங்க. ஹெல்த் ஆபீஸ்ல இருந்து தலைமையாசிரியருக்குத் தகவல் வந்தா மீன் தொட்டி இருக்கிற வகுப்புக்கும் சொல்லச் சொல்லி வையுங்க.

ஏற்கெனவே அடிச்சாச்சு, இன்னும் சில மீனுக்கு உசுரு இருக்குன்னா: உடனே பாதித் தண்ணிய மாத்துங்க, ஆன்டி குளோரின் ஊத்தி குளோரின் எடுத்த தண்ணியால. கடையில ஆக்டிவேட்டட் கார்பன் பை கெடைக்கும், ஃபில்டர் பக்கத்துல போடுங்க. மறுநாள் இன்னொரு தரம் கால்வாசி மாத்துங்க. இதுக்கு மேல எந்த மருந்தும் கெடையாது, யாராவது வித்தா வாங்காதீங்க, என் கடையா இருந்தாலும்.

கோத்தோங் ரோயோங் முடிஞ்சதும் மீனு மேல வந்து வாயப் பொளக்குது

எல்லாரும் சேந்து தொட்டியக் காலி பண்ணி, கல்ல அலசி, ஸ்பாஞ்ச பைப்புல புழிஞ்சி, புதுத் தண்ணி ரொப்பி, பாக்க பளபளன்னு இருக்கும். இதுல எத்தன நேரம் கழிச்சி வாயப் பொளக்குதுங்கிறதுதான் முக்கியம்.

— ஒரு மணி ரெண்டு மணி நேரத்துலயே

பைப்புத் தண்ணில இருக்கிற குளோரின். உடனே ஆன்டி குளோரின் ஊத்துங்க, பாட்டில்ல போட்டிருக்கிற அளவு தொட்டி முழுசுக்கும் கணக்குப் பண்ணி, புதுசா ஊத்துன தண்ணிக்கு மட்டும் இல்ல. பம்ப்ப வேகமா வையுங்க. பாட்டிலு சில வெள்ளி (ரிங்கிட்)தான், வகுப்புல எப்பவும் ஒன்னு இருக்கட்டும். தண்ணிய தோம்புல ஒரு நாள் புடிச்சி வச்சா குளோரின் போயிடும்ங்கிறது வாஸ்தவம், ஆனா குளோரமின் கலந்திருந்தா அப்பிடிப் போவாது, அதனால புடிச்சி வச்ச தண்ணியா இருந்தாலும் ரெண்டு சொட்டு ஊத்திடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

— ரெண்டு மூணு நாள் கழிச்சி

அமோனியா. ஸ்பாஞ்சுல கொழகொழன்னு இருந்துச்சே, அது அழுக்கு இல்ல டீச்சர், மீன் கழிவ சுத்தம் பண்ற பாக்டீரியா அங்கதான் குடியிருக்கு. பைப்புத் தண்ணியில அலசுனதும் அது செத்துப் போச்சு, இப்ப தொட்டி புதுசா வச்ச தொட்டிதான், மறுபடி தேறி வர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணி மாத்துங்க, தீனிய பாதியாக் கொறைங்க. சந்தேகமா இருந்தா அமோனியா டெஸ்ட்டு கிட்டு ஒன்னு வாங்கிப் பாருங்க, மருந்த விட அதுக்குச் செலவு பண்றது புத்திசாலித்தனம். இல்லன்னா ஒரு மைலோ போத்தல்ல தண்ணி புடிச்சி கடைக்குக் கொண்டாங்க, சும்மாவே பாத்துத் தரேன்.

— ஒடம்பெல்லாம் வழவழன்னு ஆகி துடிக்குது

சோப்பு, பிளீச்சு, இல்ல வாளி. வாளியத்தான் நான் மொதல்ல கேப்பேன். வீட்டுல இருந்து பிள்ளைங்க கொண்டு வர்றதுல சிலது தோட்டத்துல புல் மருந்து வந்த டிரம்மா இருக்கும், மேல அறுத்து கைப்புடி போட்டிருப்பாங்க, “நல்லாக் கழுவியாச்சு வாத்தியாரே”ம்பாங்க. எத்தன தரம் கழுவுனாலும் அது தொட்டிக்கு ஆகாது, பிள்ளைங்க கை படவும் ஆகாது, திருப்பி அனுப்பிடுங்க. ஹார்ட்வேர் கடையில ஒரு புது வாளி வாங்கி “மீன்”னு மார்க்கர்ல எழுதி வையுங்க, மாப்பு போட அத யாரும் எடுக்கக் கூடாது.

மீனு இன்னும் உசுரோட இருந்தா வேற பாத்திரத்துல குளோரின் எடுத்த தண்ணிக்கு மாத்துங்க, தொட்டிய மொத்தமா காலி பண்ணித்தான் ஆகணும்.

— கோத்தோங் ரோயோங்கே நடக்கல, வெடியக்காத்தால மட்டும் மேல நிக்குது, பத்து மணிக்குச் சரியாயிடுது

செடி அதிகம், காத்து கம்மி. ராத்திரில செடியும் ஆக்சிஜன இழுக்கும், சூடான தண்ணில ஆக்சிஜன் ஏற்கெனவே கொறச்சல், நம்ம ஊரு தொட்டித் தண்ணி சாதாரணமாவே 28, 30 டிகிரி இருக்கும். ராத்திரி பம்ப்பு ஓடுதான்னு பாருங்க, மீன எண்ணுங்க. சண்ட மீன் மட்டும் மேல வந்து வாயத் தெறந்தா கவலப்படாதீங்க, அது காத்தையே நேரா சுவாசிக்கிற ஜாதி.

தண்ணி கலங்கிப் போச்சு

வெள்ளையா இருந்தா புதுத் தொட்டி இல்ல தீனி அதிகம், ஒன்னும் பண்ணாம ஒரு வாரம் விடுங்க, நெறைய தண்ணி மாத்துனா இன்னும் கலங்கும். பச்சையா இருந்தா ஜன்னல் வெயில், தொட்டிய நகத்துங்க இல்ல பின்பக்கம் கருப்புத் தாள் ஒட்டுங்க. செம்மண் கலரு திடீர்னு வந்தா ரோட்டுல பைப்பு ஒடச்சி ரிப்பேர் பண்ணியிருப்பாங்க, கொழாய கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு அப்பறம் புடிங்க. டீ கலரு மெதுவா ஏறுச்சுன்னா உள்ள போட்ட மரக்கட்ட சாயம், மீனுக்குக் கெடுதல் இல்ல.

ஒடம்பெல்லாம் வெள்ளப் புள்ளி, உப்பு தூவுன மாதிரி

இப்பத்தான் உண்மையிலயே நோயி. பேரு இக், ஒட்டுண்ணி. புதுசா வாங்குன மீனக் கவர் தண்ணியோட அப்பிடியே தொட்டியில கொட்டுன ஒரு வாரத்துக்குள்ள வரும், பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வாங்குனதா இருந்தா இன்னும் சீக்கிரம். மீனு கல்லுல ஒடம்பத் தேய்க்கும்.

கப்பி, பிளாட்டி, மோலிக்கு மொதல்ல உப்பு. 1 லிட்டருக்கு 2 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு, மூணு பங்காப் பிரிச்சி, வாளித் தண்ணில கரைச்சி, ஒரு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. உப்பக் கட்டியா உள்ள போடாதீங்க. தண்ணி மாத்துனா மாத்துன அளவுக்கு மட்டும் உப்பு சேருங்க. புள்ளி மறஞ்சதும் நிறுத்துறதுதான் எல்லாரும் பண்றது, மறஞ்சதுன்னா ஒட்டுண்ணி செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல, கீழ விழுந்து கல்லுக்குள்ள பெருகிக்கிட்டிருக்கும். பத்து நாளாவது விடுங்க. தொட்டியில கெளுத்தி ஜாதியோ மென்மையான செடியோ இருந்தா உப்பு வேணாம், கடையில கேட்டு மருந்து வாங்குங்க, ஆனா காப்பர் இருக்கிற மருந்து நத்தையையும் எறாலையும் கொன்னுடும்.

அஞ்சு நாள்ல ஒரு முன்னேத்தமும் இல்ல, இல்லன்னா வாயில வெள்ளையா படலம் வந்து ஒரே நாள்ல ரெண்டு மூணு போச்சுன்னா அது இக் இல்லாம வேறயா இருக்கலாம், போட்டோ வேணாம், மீனக் கவர்ல போட்டுக் கொண்டாங்க. மொத்தத் தொட்டியும் திரும்பத் திரும்ப அழிஞ்சா மீன்வளத்துறை ஆபீஸ்ல விசாரிங்க.

வால் கிழிஞ்சது, வயிறு ஊதுனது

வால் ஓரம் பிஞ்சி வெள்ளையா இருந்தா தண்ணி அழுக்கு, ஒரு வாரம் ஒழுங்காத் தண்ணி மாத்துனா பெரும்பாலும் வளந்துடும். சுத்தமா வெட்டுன மாதிரி இருந்தா இன்னொரு மீன் கடிச்சிருக்கு, கடிக்கிறதப் பிரிங்க. வயிறு ஊதி, மேல இருந்து பாக்கையில செதிலெல்லாம் விரிஞ்சி நின்னா அது பொழைக்கிறது ரொம்ப அபூர்வம், பிள்ளைங்க கண்ணு முன்னாடி இருக்க வேணாம், தனிப் பாத்திரத்துல எடுத்து வையுங்க. வயித்துக் கடைசியில கருப்புப் புள்ளியோட ஊதியிருந்தா பொட்டக் கப்பி சினையா இருக்கு, அத நோயின்னு மருந்து ஊத்த வேணாம். மாசத்துக்கு ஒருக்கா குட்டி போடும், அதனாலதான் வகுப்புக்கு ஆம்பள கப்பி மட்டும் வாங்கச் சொல்றேன்.

தண்ணில கை வச்சா சுருக்குங்குது

இதுக்கு வாட்சாப் அனுப்பாதீங்க. யாரும் தொடாம, சுவரு சுவிட்ச அடைச்சி, பிளக்க உருவுங்க, தரை ஈரமா இருந்தா மெயினயே அடைங்க. தண்ணிக்குள்ள இருக்கிற மோட்டாரு இல்ல லைட்டு ஒழுகுது. வயர்மேன் வந்து பாத்து, ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா அடைக்கிற சுவிட்சு) வேலை செய்யுதான்னு சோதிச்ச பெறகுதான் மறுபடி கரண்டு. ஒட்டுப் போட்ட வயரு, மூணு தலை அடாப்டரு, இதெல்லாம் தொட்டி பக்கத்துல வேணவே வேணாம். வயரு பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்கட்டும், வயர் வழியா வர்ற தண்ணி பிளக்குக்குள்ள போவாம அங்க சொட்டிடும். ஏர் பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வையுங்க, இல்லன்னா கரண்டு போனதும் டியூபு வழியா தண்ணி திரும்பி வரும்.

கீழ ஈரமா இருந்தா உடனே ஓட்டைன்னு முடிவு பண்ணாதீங்க, ஏர் டியூபு, மூடியில இருந்து சொட்டுறது, இதத் தொடச்சி ஒரு ராத்திரி காஞ்ச நியூஸ் பேப்பர் விரிச்சிப் பாருங்க. பேப்பரு மூலையில ஈரமானா கண்ணாடிய ஒட்டுன சிலிகான் விட்டிருக்கு. அடி மூலையின்னா ஒட்டுறத விட புதுத் தொட்டி வாங்குறது மேல், தண்ணியோட 50 கிலோவுக்கு மேல கனம், பிள்ளைங்க கால் மாட்டுல ஒடைய வேணாம்.

கைய விட்ட பையனுக்குப் புண்ணு ஆறல

தொட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்பு, கையில வெட்டுக் காயம் இருக்கிறவன் அந்த வாரம் தண்ணி மாத்த வேணாம். டியூப வாயால உறிஞ்ச விடாதீங்க. காயம் பட்ட எடத்துல கட்டி மாதிரி வந்து வாரக்கணக்கா ஆறலன்னா கிளினிக் கேசிஹாத்தானுக்குக் (அரசாங்க கிளினிக்) கூட்டிட்டுப் போங்க, டாக்டர்கிட்ட மீன் தொட்டின்னு மறக்காம சொல்லணும், மீன் தொட்டித் தண்ணில இருந்து வர்ற மைக்கோபாக்டீரியா ஒன்னு இருக்கு, சொல்லலன்னா சாதாரணப் புண்ணுன்னு விட்டுடுவாங்க.

மீனே வேணாம், வேற என்ன வளக்கலாம்?

முயலு கேப்பாங்க, காத்தாடி நின்னு போன வகுப்புல 32 டிகிரி சூட்ட அது தாங்காது. ஹாம்ஸ்டர் பகல்ல தூங்கும், தூங்கறத நோண்டுனா கடிக்கும், மத்தபடி வார லீவுக்கு யாராவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுன்னா பரவால்ல. ஆமை வேணவே வேணாம், சால்மோனெல்லா கிருமி அதுகிட்ட சகஜம், பிள்ளைங்களுக்கு ஒட்டுதுன்னுதான் அமெரிக்காவுல 1975ல இருந்து 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமைய விக்கவே தடை. லோங்காங்ல (சாக்கடை) புடிச்சி வர்ற ஆமைன்னா இன்னும் வம்பு, உள்ளூரு ஆமைங்க பலது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. பெரிய ஆப்பிரிக்க நத்தைய டப்பாவுல போட்டுக் கொண்டு வருவானுங்க, மூளையப் பாதிக்கிற எலி நுரையீரல் புழு அதுல இருக்கலாம், வெறுங்கையால தொட விடாதீங்க. ஒத்த சண்ட மீன் 10 லிட்டர் தொட்டியில, அதான் என் ஓட்டு, பம்ப்பு நின்னாலும் தாங்கும்.

பண்டாராயா மீன் (சக்கர் மீன்) மட்டும் வாங்காதீங்க, கண்ணாடிய சுத்தம் பண்ணும்னு வாங்கி ஒரு அடிக்கு மேல வளந்ததும் ஆத்துல விடுறாங்க, நம்ம ஆறுங்கள்ல ஏற்கெனவே அது பெருகிக் கெடக்கு. வளத்த எதையும் ஆத்துலயோ குட்டையிலயோ விட வேணாம், கடைக்கே திருப்பிக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்.

நீண்ட லீவுக்கு முன்னாடி

ஒரு வாரம்னா தீனி இல்லாமலே இருக்கும், தண்ணில கரையிற லீவு பிளாக்கு போடாதீங்க, அது தண்ணியத்தான் கெடுக்கும். அதுக்கு மேலன்னா யாராவது ஒருத்தர் வீட்டுக்கு மீனக் கொண்டு போங்க. மீன எடுத்துட்டு தொட்டியில தண்ணிய அப்பிடியே விட்டுட்டுப் போனா கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல பறக்குற கொசுவா ஆயிடும், ஹெல்த் ஆபீஸ்காரங்க வந்து ஜெந்தேக் ஜெந்தேக்கப் (கொசுப் புழு) பாத்தா 500 வெள்ளி வரைக்கும் கொம்பவுன் (அபராதம்). கடைசிச் சொட்டு வரைக்கும் வடிச்சி, துணியால தொடச்சி, கவுத்து வச்சிட்டுப் போங்க, ஸ்பாஞ்ச மட்டும் மீனோட அதே தண்ணில போட்டு பம்ப்போட சேத்து அனுப்புங்க, லீவு முடிஞ்சி வந்ததும் நாலு வாரம் காத்திருக்காம தொட்டிய மறுபடி ஓட்டலாம்.